கட்டண வரம்பு யார் தலையில் விழும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்திட்டுக் கடனைப் பெறும்போது வாங்கப்படும் க்ளோசிங் கட்டணங்கள் அனைத்துக்கும் சேர்த்து அரசு ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. 2024 மே 30 அன்று இந்தக் கட்டணங்களைப் பற்றிக் கருத்துக் கேட்கத் தொடங்கியதையும் வரவேற்றிருந்தீர்கள். கேட்டது நல்லதுதான். ‘அனைத்துக்கும் சேர்த்து’ என்கிறீர்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். சான்ஹோசே பக்கம் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித்தரும் நோட்டரி நான். ஆகவே இதில் என் பிழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

எங்களுக்கு வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு நோட்டரி அதிகபட்சம் 15 டாலர் வாங்கலாம். 2017இல் 10 டாலரிலிருந்து உயர்த்தினார்கள், அதன்பின் தொடவில்லை. டெக்சாஸில் 2023 வரை 6 டாலர், இப்போது 10. நியூயார்க்கில் நேரில் வந்து போடும் கையெழுத்துக்கு இன்றைக்கும் 2 டாலர்தான். அந்தக் காசுக்கு அங்கே ஒரு நல்ல காபி கிடைக்காது. சட்டத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டால் விலைவாசி ஏறும்போது அது தானாக ஏறுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஊரில் உள்ள நிலத்தை விற்க அண்ணனுக்குப் பவர் எழுதிக்கொடுக்கும் வாசகர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். எங்கள் கையெழுத்துக்கு 15 டாலர். அந்தக் கையெழுத்து செல்லும் என்று மாநில அரசு ஒட்டித்தரும் அபோஸ்டில் தாளுக்கு 20 டாலர்!

அந்த 15 டாலருக்குப் பின்னால் வகுப்பு, தேர்வு, கைரேகைச் சோதனை, 15,000 டாலர் பாண்ட் எல்லாம் இருக்கின்றன. பாண்ட் எங்களைக் காப்பாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பொதுமக்களுக்கானது. எங்கள் தவறால் யாருக்காவது நட்டம் வந்தால் பாண்ட் நிறுவனம் கொடுத்துவிட்டு எங்களிடம் வசூலித்துக்கொள்ளும். எனவே எங்களுக்கென்று தனியாக இன்சூரன்ஸ் எடுக்கிறோம். வீட்டுப் பத்திரமானாலும் பவர் பத்திரமானாலும் எங்கள் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வாங்கியாக வேண்டும். ரீஃபைனான்ஸ் பத்திரக் கட்டு ஒன்று நூறு பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அதை இரண்டு பிரதி அச்சடித்து, வேலை விட்டு வரும் தம்பதியின் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குக் காரோட்டிப் போகிறோம். வரம்புக்கு வெளியே இருக்கும் இந்தப் பயணக் கூலியும் அச்சுக் கூலியும்தான் எங்கள் வருமானம். அதிலும் கடன் வாங்குபவர் தாளில் பார்க்கும் தொகை அப்படியே எங்கள் கைக்கு வருவதில்லை. இடையில் ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறது. மொத்தத் தொகைக்கு வரம்பு வந்தால், கடன் தரும் லெண்டர் தன் லாபத்தைக் குறைப்பாரா, அல்லது அவர் அந்த நிறுவனத்திடம் பேரம் பேச, அது எங்களிடம் பேரம் பேசுமா?

2021இலிருந்து 2023க்குள் வீடு வாங்கும் கடன்களின் செலவு 36 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாக சி.எஃப்.பி.பி. சொன்னது. நம்புகிறேன். வட்டி ஏறிய அந்த ஆண்டுகளில், வட்டியைக் குறைக்க முன்பணமாகக் கட்டும் ‘பாயிண்ட்’ வாங்கியவர்கள் பெருகினார்கள். எங்கள் 15 டாலர் 15 டாலராகவே கிடந்தது. வீட்டு உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டும் டைட்டில் இன்சூரன்ஸையும் கேள்வி கேட்கலாம். வசூலாகும் பிரீமியத்தில் இழப்பீடாகத் திரும்பிப் போவது சிறு பகுதிதான். ஆக, பெரிய தொகைகள் எங்கே இருக்கின்றன என்பது ஒன்றும் இரகசியமில்லை.

வீட்டுப் பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ அலுவலகங்களைப் பற்றி உங்கள் தலையங்கம் ‘காகிதம் நகர்த்துபவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஊரில் வீடு வாங்கினால் அட்வான்ஸ் நேராக விற்பவர் கைக்குப் போய்விடும். வில்லங்கம் பிறகு தெரிந்தால் அந்தப் பணத்துக்காக நடையாய் நடக்க வேண்டும். இங்கே பணம் நடுவில் ஒருவரிடம் நிற்கிறது. பழைய கடன் அடைந்து, வரிப் பாக்கி தீர்ந்து, பத்திரம் பதிவானால்தான் விற்பவருக்குப் போகும். தனி எஸ்க்ரோ நிறுவனங்கள் மாநிலத்திடம் உரிமம் பெற்று, பாண்ட் கட்டி, ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரிடம் கணக்கைக் காட்டுகின்றன. இப்போது போலி மின்னஞ்சல் அனுப்பி வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் கும்பல்கள் வேறு. பணம் அனுப்பும் முன் ஒவ்வொரு எண்ணையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கும் முப்பது லட்சம் டாலர் வீட்டுக்கும் இந்த வேலை ஏறத்தாழ ஒன்றுதான். வரம்பைக் கடன் தொகையில் இத்தனை விழுக்காடு என்று வைத்தால், விலை குறைந்த வீட்டின் கோப்பை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள். அந்த வீட்டை வாங்குபவருக்குத்தானே நீங்கள் பரிந்து பேசினீர்கள்?

இன்னொன்றும் நடக்கும். வட கலிபோர்னியாவில் எஸ்க்ரோ வேலையைப் பெரும்பாலும் டைட்டில் நிறுவனங்களே செய்கின்றன. தெற்கே தனி எஸ்க்ரோ அலுவலகங்கள் நிறைய. எஸ்க்ரோ கட்டணத்தைக் கிள்ளினால் டைட்டில் நிறுவனம் அந்த நட்டத்தைப் பிரீமியத்தில் சரிக்கட்டிக்கொள்ளும். நாலு பேர் வேலை செய்யும் தனி அலுவலகம் எதில் சரிக்கட்டும்? கடையை மூடும். மிஞ்சுபவர்கள் சொல்வதே பிறகு விலை.

நான் கேட்பது இதுதான். மொத்தமாக ஒரு வரம்பு வேண்டாம். கட்டண வாரியாகப் பார்க்கட்டும். கையெழுத்துக் கட்டணம் என்று எழுதும் இடத்தில் நோட்டரிக்கு எவ்வளவு, இடைநிறுவனத்துக்கு எவ்வளவு என்று இரண்டு வரியாகக் காட்டச் சட்டம் செய்யட்டும். வரம்பு வைத்தே தீர வேண்டுமென்றால் அந்த இரண்டாம் வரிக்கு வைக்கட்டும். எங்களுடைய 15 டாலரை விலைவாசிக் குறியீட்டோடு மாநிலம் இணைக்கட்டும்.

சி.எஃப்.பி.பி. 2024 ஆகஸ்ட் 2 வரை கருத்துகளைப் பெற்றது. விவரம் அறிய விரும்பும் வாசகர்கள், கட்டணங்களைப் பட்டியலிடும் தங்கள் க்ளோசிங் டிஸ்க்ளோஷரின் இரண்டாம் பக்கத்தை முதலில் எடுத்துப் பார்க்கட்டும். ‘ஏ’ பிரிவில் இருப்பது லெண்டர் தனக்காக வாங்கியது. எங்களைப் போன்றவர்கள் அதற்குக் கீழே ‘பி’, ‘சி’ பிரிவுகளில் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நோட்டரி பப்ளிக்
சான்ஹோசே, கலிபோர்னியா