பைத்தானைக் கூப்பிடுங்க, ஷெல்லைக் கூப்பிடாதீங்க

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுட்டு ஒரகடம் பக்கம் வண்டியை விட்டா வழியெல்லாம் கம்பெனிதான். பெரிய கார் கம்பெனிகளை விடுங்க. அவங்களுக்கு உதிரிபாகம் செஞ்சு தர்ற சின்ன கம்பெனிகளைப் பத்திப் பேசுவோம். இந்த மாதிரி இடத்துல ஸ்டாக் பார்க்குற வெப் பக்கம் பிஹெச்பியில இருக்கும். எக்செல் ஃபைலைப் பிரிச்சு மேய ஒரு பையன் பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருப்பான். ரெண்டையும் இணைக்கலாம்னா, "அசிங்கம்யா, எல்லாத்தையும் ஒரே மொழியில திருப்பி எழுது"ன்னு ஒரு சீனியர் கிளம்புவார்.

நான் ஒத்துக்க மாட்டேன். நல்லா ஓடுறதைத் தூக்கிப் போட்டுட்டுத் திருப்பி எழுதுறது சின்ன கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. வெப் சர்வர் வேற புரோகிராமைக் கூப்பிடுறது புதுசும் இல்ல. 1993ல வந்த சிஜிஐ செஞ்சதே அதைத்தான்.

தப்பு கூப்பிடுறதுல இல்ல, நடுவுல ஷெல்லை விடுறதுல. யாரோ டைப் பண்ணின ஃபைல் பேரை அப்படியே கட்டளையோட ஒட்டி 'ஷெல் எக்ஸெக்'குக்குக் கொடுத்தா, நடுவுல ஒரு செமிகோலன் போதும். அதுக்கு அப்புறம் இருக்குறதை ஷெல் தனிக் கட்டளையா ஓட்டிடும். ஸ்டாக் கணக்கு மொத்தமும் போயிடலாம். பெரிய தலைங்களே இதுல மாட்டியிருக்காங்க. 2016ல இமேஜ்மேஜிக்ல வெளிவந்த 'இமேஜ்டிராஜிக்' ஓட்டை ஞாபகம் இருக்கா? படத்துக்குள்ள எழுதியிருந்த முகவரியைச் சரியா வடிகட்டாம ஷெல்லுக்குத் தள்ளினதுதான் காரணம்.

'எஸ்கேப் ஷெல் ஆர்க்' போட்டா போதாதான்னு கேப்பீங்க. நம்ம ஆளுங்களுக்கு அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. பழைய பிஹெச்பியில, லோகேல் 'சி'ன்னு இருந்தா, அது தமிழ் எழுத்தை எல்லாம் சத்தமில்லாம முழுங்கிடும். 'வல்லக்கோட்டை குடோன்'னு அனுப்பினா அந்தப் பக்கம் போய்ச் சேர்றது நடுவுல இருந்த வெத்து இடம் மட்டும்தான். பிழைச்செய்தியும் வராது. இங்கிலீஷ்ல சோதிச்சவனுக்கு இது தெரியவே தெரியாது.

என் கட்சி இதுதான். 2019ல வந்த பிஹெச்பி 7.4ல இருந்து 'ப்ராக் ஓப்பன்'க்குக் கட்டளையை ஒரு அர்ரேயாவே கொடுக்கலாம், ஷெல் பக்கமே போகாது. தகவலைக் கட்டளையில திணிக்காம ஜேசனா மாத்தி ஸ்டாண்டர்ட் இன்புட் வழியா அனுப்புங்க. பிஹெச்பியும் சரி, பைத்தானும் சரி, ஜேசன்ல தமிழைச் சாதாரணமா யூனிகோடு எண்ணாத்தான் எழுதும். போறப்பவும் வர்றப்பவும் லோகேல் தொல்லை இல்ல.

இன்னொண்ணு. லினக்ஸ்ல பிஹெச்பியோட நேரக் கெடு, வெளியில ஓடுற புரோகிராமோட நேரத்தைக் கணக்குல எடுத்துக்காது. ஸ்கிரிப்ட் தொங்கினா பக்கமும் சேர்ந்து தொங்கும். ஷிப்ட் மாறுற நேரத்துல பத்து பேர் ஒரே பட்டனை அமுக்கினா கதை கந்தல். ரெண்டு மூணு நொடிக்கு மேல ஆகுற வேலையை ஒரு டேபிள்ல எழுதி வச்சுட்டு, கிரான் எடுத்து ஓட்டட்டும்.

இதுக்கெல்லாம் சேர்த்து ரெண்டு நாள் வேலை. திருப்பி எழுத ரெண்டு மாசம். மாத்த வேண்டியது மொழியை இல்ல, அந்த ஒத்தை வரியை. மாற்றுக்கருத்து இருந்தா வாங்க, சண்டை போடலாம் :-)