இன்னொரு சுற்று இறுக்காதீர்கள்

புது மோட்டாருக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் நம் ஆட்கள் முதலில் ஸ்பேனரைத் தேடுவார்கள். அடுத்து, பக்கத்தில் நிற்பவர் "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு" என்பார். இந்த வாரம் அந்த ‘இன்னும் கொஞ்சம்’ பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் தம்பி கிள்ளானில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறான். 150 சிசி மோட்டார், மாதத் தவணையில் எடுத்தது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், எடுத்த கடையிலேயே முதல் சர்வீஸ் செய்தான். என்ஜின் எண்ணெய், ஆயில் ஃபில்டர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வீட்டு போர்ச்சில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு கறை. அதற்கடுத்த நாள் அது தோசைக் கரண்டி அளவுக்கு வந்துவிட்டது.

கடைக்குப் போனான். "ஃபில்டர் கழட்டும்போது கொட்டின எண்ணெய் தம்பி, ஓட ஓட போய்டும்" என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஃபில்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தேங்கியிருக்கும் எண்ணெய் வழிந்து என்ஜின் மடிப்புகளில் தங்கும். சூடு ஏறியதும் அதுவே இரண்டு மூன்று நாட்களுக்குச் சொட்டும், புகையும், நாறும். ஆனால் அப்படிப்பட்ட எண்ணெய் நாளுக்கு நாள் குறைய வேண்டும். தம்பியின் மோட்டாரில் அது கூடிக்கொண்டே போனது.

இரண்டாம் முறை போனபோது கடைக்காரப் பையன் மூடியைத் திறக்கவில்லை. அதன் மூன்று போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கி அனுப்பிவிட்டான். ஒரு நாள் ஒழுகல் நின்றது. அதற்கு மறுநாள், மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் வளைவு எடுக்கும்போது பின் டயர் லேசாக வழுக்கியிருக்கிறது. ஓரம் கட்டிப் பார்த்தால் டயரின் வலது ஓரம் எண்ணெய் பட்டுப் பளபளவென்று இருந்தது. அன்றிரவு எனக்கு போன் செய்தான். அவன் பேசியது குறைவு, குரலில்தான் விஷயம் இருந்தது. மோட்டாரைக் கடையில் விட்டால் அன்றைய வருமானம் போச்சு. விடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை அந்த வளைவு காட்டிவிட்டது.

எங்கள் தாமானில் ஒரு போர்மேன் அங்கிள் இருக்கிறார். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நானும் தம்பியோடு போனேன். சாவியையும் ஸ்பேனரையும் அவர் கையில் கொடுத்து, "அங்கிள், நீங்களே திறந்து பாருங்க" என்றான் தம்பி. அவர் ஸ்பேனரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். "பத்து நிமிஷ வேலைதான் ஐயா. ஆனா புது மோட்டார். நான் கை வெச்சா நாளைக்கு அவன், வெளியில திறந்துட்டேன்னு சொல்லிடுவான். எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் பாப்போம்."

அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை யாரும் வீட்டில் செய்யலாம்.

முதலில் என்ஜினை ஆறவிட்டார். பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டையும் வைத்து ஃபில்டர் மூடி, அதற்கு மேலே உள்ள பகுதி, கீழே எண்ணெய் வடிக்கும் போல்ட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவைத்தார். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை அந்த இடம் முழுவதும் தூவினார். மோட்டாரை நேராக நிறுத்தி ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எண்ணெய் முதலில் எட்டிப் பார்க்கும் இடத்தில் வெள்ளைப் பவுடர் கறுக்கும். ஓடும் மோட்டாரில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், அது கீழேயும் வழியும். அதனால் சொட்டு விழும் இடம் ஒன்று, ஒழுகல் தொடங்கும் இடம் வேறு. சொட்டு விழும் இடத்தை வைத்து முடிவெடுத்தால், ஒழுங்காக இருக்கும் வடி போல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொன்னார். என்ஜின் ஓடும்போதுதான் பம்ப் எண்ணெயை அழுத்தி ஃபில்டர் வழியாக அனுப்புகிறது. ஆகவே ஃபில்டர் மூடியில் கோளாறு என்றால் என்ஜின் ஓட ஓடக் கசியும், முறுக்க முறுக்க அதிகமாகும். வடி போல்ட் எண்ணெய்த் தொட்டியின் அடியில் இருக்கிறது. அங்கே அந்த அழுத்தம் கிடையாது. அதன் வாஷர் நசுங்கிப் போயிருந்தால், நிறுத்தி வைத்திருக்கும்போதும் இரவெல்லாம் மெதுவாகச் சொட்டும். சொட்டுவது எண்ணெய்தானா என்பதையும் ஒரு வெள்ளைத் தாளில் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். தண்ணீரில் குளிரும் என்ஜின்களில் கூலண்டும் ஒழுகும். அது பச்சையாகவோ நீலமாகவோ சிவப்பாகவோ, எண்ணெயைவிட நீர்த்து இருக்கும்.

மூன்று நிமிடம் ஆகவில்லை. மூடியின் கீழ்ப்பக்க விளிம்பில் பிறை போல ஒரு கறுப்புக் கோடு வந்தது. அங்கிள் என்ஜினை நிறுத்தினார். "ஓ-ரிங் கடிபட்டிருக்கு" என்றார்.

அந்த ‘ஒரு சுற்று’ ஏன் ஆகாது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. இவ்வகை மூடியில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது போல்ட் அல்ல, பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம். அது எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைப் பள்ளத்தின் ஆழமே முடிவு செய்துவிடுகிறது. மூடி என்ஜினோடு உலோகத்துக்கு உலோகம் பொருந்திய பிறகு எத்தனை சுற்று முறுக்கினாலும் வளையத்துக்கு அது போய்ச் சேராது. முறுக்கிய பலமெல்லாம் அலுமினிய மரையைத்தான் பிய்க்கும். 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும் அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு சுமார் 10 நியூட்டன் மீட்டர். அதாவது 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 7 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. மணிக்கட்டு பலமே போதும், தோளைக் கொண்டுவரத் தேவையில்லை. உங்கள் மோட்டாருக்குரிய எண் கையேட்டில் இருக்கும்.

(பழைய ஈஎக்ஸ்5 வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம். அதில் மாற்றுகிற காகித ஃபில்டரே கிடையாது. ஒரு சல்லடையும், சுழன்று அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான். ஒழுகுவதற்கு ஒரு மூடி குறைவு!)

பவுடரில் கோடு விழுவதைத் தம்பி கைப்பேசியில் எடுத்திருந்தான். கிலோமீட்டர் எண்ணையும் அதே காணொளியில் காட்டச் சொன்னார் அங்கிள். கடையில் முதல் கேள்வியே, "வெளியே யாராச்சும் திறந்தாங்களா?" என்பதுதான். இல்லை என்று தம்பியால் நேராகப் பார்த்துச் சொல்ல முடிந்தது. காணொளியைக் காட்டி, "அண்ணே, என் முன்னாடியே திறங்க" என்றான். சத்தம் போடவில்லை. திறந்தார்கள். வளையம் ஓரிடத்தில் பள்ளத்தை விட்டு நழுவி, மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் மாட்டித் தட்டையாகக் கிழிந்திருந்தது. புதிய வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்றுப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. போல்ட்டில் ஒன்று பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. மரை போயிருந்தது.

வளையம் சில வெள்ளி விஷயம். மரைதான் பெரிய வேலை. துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் ஒன்றை உள்ளே ஏற்ற வேண்டும், ஹெலிகாயில் என்பார்கள். அரை நாள் ஆனது. கடையே செலவை ஏற்றது. என்ன செய்தோம் என்று வேலைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். எழுதாமல் தம்பி நகரவில்லை. பின்னாளில் அதே துளை மறுபடி கசிந்தால், அந்தத் தாள் இல்லாமல் எதைக் காட்டுவது?

பெரிய மோட்டார்களில் கார் போலவே டப்பா வடிவ ஃபில்டர் வரும். அதில் அடிக்கடி நடப்பது வேறு. பழைய ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதன் மேலேயே புதியதைத் திருகிவிடுவார்கள். இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது, எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். கழற்றிய டப்பாவில் வளையம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒழுகுகிற மோட்டாரை ஓட்டிக்கொண்டே யோசிக்க வேண்டாம். சிறிய என்ஜின்களில் மொத்தமே ஒரு லிட்டரை ஒட்டித்தான் எண்ணெய் இருக்கும். அதில் கால் லிட்டர் போனாலும் பெரிய இழப்பு. டயரில் பட்ட எண்ணெயை சோப்புத் தண்ணீர் போட்டு, வழவழப்பு போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பெட்ரோல் ஊற்றித் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ரப்பரையே கெடுக்கும். டிஸ்க் பிரேக்கில் பட்டிருந்தால் தட்டைக் கழுவலாம், எண்ணெய் குடித்த பேடுகளை மாற்றுவதுதான் சரி.

கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாங்கிய பொருளுக்கு மட்டுமல்ல, செய்த சர்வீசுக்கும் பொருந்தும். வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா, 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. அங்கே பொதுவாக வழக்கறிஞர் வந்து பேச முடியாது, நாமேதான் பேச வேண்டும். அதனால் ரசீது, வேலைத் தாள், தேதி தெரியும் படங்கள், காணொளி எல்லாம் நம் கையில் இருக்க வேண்டும்.