தோசைக்குக் கொடுக்கும் விலை

விலைவாசியைப் பற்றிப் பேசாமல் இரண்டு தமிழர்கள் சந்தித்துப் பிரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. முன்னெல்லாம் அந்தப் பேச்சு அரிசியில் ஆரம்பித்துத் துவரம் பருப்பில் முடியும். இப்பொழுது ஹோட்டல் தோசையில் ஆரம்பிக்கிறது. எதில் முடியும் என்று சொல்வதற்கில்லை. "குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் கற்பூரம் மாதிரிக் கரைந்து விடுகின்றன. இனிமேல் வீட்டுச் சாப்பாடுதான்!" என்று சபதம் செய்யும் நண்பர்கள் நமக்கு அநேகர் உண்டு. சபதம் சனிக்கிழமை மாலை வரையில் செல்லுபடியாகும்.

ஹோட்டல்காரரைக் கொள்ளைக்காரர் என்று வைதுவிட்டு வீடு திரும்புவது சுலபம். நாம் அவருக்கு வக்கீல் அல்ல. ஆயினும் அவர் தரப்பையும் சற்றுக் கேட்பதுதான் நியாயம். மசால் தோசைக்குள் உருளைக்கிழங்கு மட்டும் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். இந்தோனேஷியாவும் அதற்குள் இருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அந்த நாட்டுச் சர்க்கார் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தபோது, நம் ஊர்ச் சமையற்கட்டுகளிலே அடுப்பு மூட்டாமலே எண்ணெய் கொதித்தது. 2024 செப்டம்பரில் நம்முடைய மத்திய சர்க்காரே, சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்களின் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவிகிதத்திலிருந்து 27.5 சதவிகிதமாக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதைக் குறைத்தார்கள் என்பது உண்மை. வரி இறங்கியது, வடை விலை இறங்கியதா என்று வாசகர்கள்தான் சொல்ல வேண்டும். காப்பியின் கதையும் இதுவே. பிரேஸிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததன் பயனாக, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் காப்பிக்கொட்டை ராத்தல் நாலு டாலரைத் தாண்டிற்று. மயிலாப்பூரில் டம்ளர் சிறுத்துவிட்டதன் காரணம் இவ்வாறாகக் கடல் கடந்து போகிறது.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு வருவது 14.2 கிலோ எடையுள்ள காஸ் சிலிண்டர். ஹோட்டலுக்குப் போவது 19 கிலோ சிலிண்டர். வீட்டுச் சிலிண்டருக்குக் காட்டும் தயவைச் சர்க்கார் அதற்குக் காட்டுவதில்லை. 2021 நவம்பரில் அதன் விலை 2,000 ரூபாயைக் கடந்தது. பிறகு பல தடவை ஏறி இறங்கியிருக்கிறது. இவற்றோடு வாடகை, மாவரைப்பவர், பரிமாறுகிறவர், மேஜை துடைப்பவர் கூலி எல்லாம் சேர்கின்றன. கூலி உயர்ந்ததற்காக மட்டும் நாம் வருத்தப்படப் போவதில்லை. மிகக் காலதாமதமாக உயர்ந்தது என்பதே நம் அபிப்பிராயம்.

இனி, ஹோட்டல்காரர் பதில் சொல்ல வேண்டிய விஷயங்களும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாதாரண ஹோட்டலில் 12 சதவிகிதம், குளிர்சாதனமுள்ள ஹோட்டலில் 18 சதவிகிதம் என்று வரி விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் இரண்டையும் 5 சதவிகிதமாக்கினார்கள். ஆனால் மூலப் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக் கொள்ளும் சலுகை போய்விட்டது. அதைச் சாக்காக வைத்துப் பண்டத்தின் அடிப்படை விலையை உயர்த்திக்கொண்டு, மொத்தத்தைப் பழையபடியே வாங்கிய கடைகள் உண்டு. "ஸர்வீஸ் சார்ஜ்" என்று பில்லில் தாமாகவே சேர்க்கக் கூடாது என 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை விதித்ததை, 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டும் உறுதி செய்தது. பில்லைப் படித்துப் பார்க்கக் கூச்சப்படுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம்.

வீட்டு வாசலுக்கே வரவழைத்துச் சாப்பிடுவது இன்னொரு விநோதம். உணவின் விலை, வரி, கொண்டு வரும் கூலி ஆகியவற்றுக்கும் மேலாக, "பிளாட்பாரம் கட்டணம்" என்று ஒன்று இருக்கிறது. ஸொமாட்டோ கம்பெனியார் 2023 ஆகஸ்டில் இரண்டு ரூபாயாக ஆரம்பித்த இந்தக் கட்டணம், 2025 செப்டம்பரில் பன்னிரண்டு ரூபாயாக வளர்ந்துவிட்டது. ரயில்வே பிளாட்பாரத்திலாவது ரயிலைப் பார்க்கலாம்! இத்தனையும் கொடுத்துவிட்டு, டப்பாவுக்குள் வேர்த்துத் துவண்டு கிடக்கும் தோசையைத் தின்பானேன்? கல்லிலிருந்து எடுத்த மூன்றாவது நிமிஷத்தில் தோசையின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

சரி, வீட்டில் என்ன செலவாகிறது? ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து; ஐம்பது இட்லிக்குக் குறையாது. இன்றைய மளிகை விலையில் இட்லி ஒன்றுக்குச் சுமார் இரண்டு ரூபாய் விழும். சட்னி, சாம்பார், காஸ் எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய் என்று தாராளமாகவே போடலாம். சர்க்காரின் 2019-20 பொருளாதார ஆய்வறிக்கையிலும் இப்படி ஒரு சாப்பாட்டுக் கணக்கு இருக்கிறது. தொழிலாளியின் தினக் கூலியோடு ஒப்பிட்டால், 2006-07க்குப் பிறகு சைவச் சாப்பாடு வாங்கும் சக்தி 29 சதவிகிதம் பெருகியிருப்பதாக அதில் கண்டிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அது வீட்டில் சமைக்கும் சாப்பாடு. அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, காஸ் வரையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சமைத்தவருக்குக் கூலி போட்டிருக்கிறார்களா? இல்லை. நம்முடைய இட்லிக் கணக்கிலும் அது இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம்.

2019-ல் எடுத்த நேரச் செலவுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியின்றி அதற்காகத் தினம் 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள் செலவிடுவது 97 நிமிஷம். (செய்யாதவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. சேர்த்திருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் அவமானம்.) "ஹோட்டல் கட்டுப்படியாகாது" என்று ஒருவர் சொல்லும்போது, இன்னொருவருடைய இரண்டு மணி நேரத்துக்குப் பூஜ்யம் மதிப்புப் போட்டுத்தான் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு அடுப்புக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஆகும் செலவை ஆடம்பரம் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் அதற்காகப் போகிறவர்கள், இட்லியைத் தின்றுவிட்டு வர வேண்டாம். வீட்டில் எளிதில் வராத பரோட்டாவையோ நெய் ரோஸ்டையோ சாப்பிடட்டும். கொடுத்த பணத்துக்கு நியாயம் உண்டு.

இவ்வளவும் அடுப்புள்ளவர்களுடைய பேச்சு. திருவல்லிக்கேணி மான்ஷன் அறையில் கட்டிலும் கொடிக்கயிறுமாகக் காலம் தள்ளும் குமாஸ்தாவுக்கும், இரவு வேலை முடிந்து வரும் நர்ஸுக்கும், கட்டுபடி ஆகுமா என்று ஆராய அவகாசம் இல்லை. மூன்று வேளையும் வெளியில்தான். 2013-ல் சென்னையில் அம்மா உணவகத்தை ஆரம்பித்து, இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் கொடுத்தபோது வரிசையில் நின்றவர்களுள் இப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஹோட்டல்களில் மிஞ்சியிருப்பது அளவுச் சாப்பாடு ஒன்றுதான். ஆனால் அதுவும் சில இடங்களில் விலைப் பலகையிலிருந்து மறைந்து வருகிறது. "ஸ்பெஷல் சாப்பாடு மட்டுந்தான் இருக்கிறது, ஸார்" என்கிறார்கள். ஸ்பெஷலுக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளட்டும். அளவுச் சாப்பாட்டைப் பலகையில் விட்டு வைக்குமாறு ஹோட்டல் முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அப்பளம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ரசம் மட்டும் சூடாக இருக்கட்டும்.