பணக் கணக்கை முதலில் சொல்லுங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடுவது பரீட்சை நேரத்தில்தான் என்று நினைக்கிறோம். அதைவிட அதிகமாகக் கெடுவது, இடம் கிடைத்த பிறகு. வயிற்றெரிச்சல், தலைவலி, நடுராத்திரி வரை முழிப்பு என்று வருகிற பிள்ளையிடம், நாடி பார்ப்பதற்கு முன்பே, "எங்கெங்கே இடம் வந்திருக்கு? பணத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டுவிடுவேன். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

நம் தஞ்சை டெல்டாவில் இது சகஜம். தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., பாளையங்கோட்டை அரசு கல்லூரியில் சித்தா, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம். மூன்றுக்கும் தனித்தனிக் கலந்தாய்வு, தனித்தனிக் கெடு. வங்கியோ 'பார்க்கலாம்' என்கிறது. குறுவை நெல் வயலில் நிற்கிறது. நகை ஏற்கெனவே கூட்டுறவு வங்கியில். அப்பா வாய் திறக்க மாட்டார். அம்மா, "நீ படி தம்பி, நாங்க பாத்துக்கிறோம்" என்பார். பிள்ளைக்குத் தெரியாதா என்ன?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நவம்பரில் கலந்தாய்வு. தனியார் கல்லூரியில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்ச ரூபாய் கட்டணம் என்றதும், சில ஏழைப் பிள்ளைகள் இடமே வேண்டாமென்று திரும்பிவிட்டார்கள். சில நாளிலேயே கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. நல்ல அறிவிப்புதான். ஆனால் விட்ட இடத்துக்காகச் சிலர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. உதவி வந்தது, முடிவெடுத்த பிறகு!

ஆகவே என் கருத்து இதுதான்: எவ்வளவு உதவி என்ற பதில், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். சேர்க்கைக் கடிதம் இல்லாமல் வங்கியில் கடன் இல்லை. பணம் கட்டாமல் கல்லூரியில் சேர்க்கை இல்லை. இந்த முடிச்சை அரசும் வங்கியும்தான் அவிழ்க்க வேண்டும்.

வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. முதல் பட்டதாரி, வருமான, சாதிச் சான்றிதழ்களை முன்பே வாங்கி வையுங்கள். ரிசல்ட் வந்த வாரமே வங்கி மேலாளரைப் பாருங்கள். கல்விக் கடனில் 7.5 லட்ச ரூபாய் வரை பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் ஆண்டுக்கு 4 லட்சம் என்றால் நாலு வருஷத்துக்கே 16 லட்சம். விடுதி, புத்தகம் தனி. முதல் வருஷப் பணத்தை மட்டும் புரட்டிவிட்டு மிச்சத்தைக் காவிரித் தண்ணீர் மேல் போடாதீர்கள். மீட்டர் வட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

"சித்தா எடுக்கட்டுமா டாக்டர்?" என்றும் கேட்கிறார்கள். நான் சித்தா படித்தவன். ஆனாலும் ஆள் சேர்க்க இதை எழுதவில்லை. விரும்பி வருகிறவர்களுக்கு எங்கள் துறையில் நிறைய வேலை இருக்கிறது. 'வேறு வழியில்லை' என்று வருகிறவர், ஐந்தரை வருஷமும் அடுத்த கல்லூரியையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக் கணக்கு தெரிந்த பிள்ளைதான், குறைந்த செலவுப் படிப்பையும் தன் முடிவாக எடுத்துக்கொள்ளும்.

காத்திருக்கும் நாட்களில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். செல்போன் படுக்கைக்கு வர வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நம்மால இவ்வளவுதான் முடியும்" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தொகை தெரியாமல்தான் பல பிள்ளைகள் முழித்துக் கிடக்கிறார்கள்.