படத்தைப் பாருங்கள், பிறகு ராம் வாங்கலாம்!
செங்கல்பட்டில் என் வீட்டு எவர்சில்வர் குடத்தை இரண்டு கேமராக்களில் படமெடுத்து, வளைவைக் கம்ப்யூட்டரில் அளக்க முயன்றேன். முடிவில் எங்கும் ஓட்டைகள். "ராம் போதாது" என்றார் நண்பர். ஆனால் மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை அதே கம்ப்யூட்டர் ஒழுங்காக அளந்ததே!

இரு படங்களிலும் ஒரே இடத்தைத் தேடிப் பொருத்துவதுதான் ஸ்டீரியோ டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன். கருங்கல்லில் இயற்கையாகவே புள்ளிகள் உண்டு. குடத்தில் பளபளப்புதான் உண்டு. அதுவும் கேமராவுக்குக் கேமரா இடம் மாறும்.

பளபளக்காத வெள்ளை பெயிண்ட் அடித்து, கறுப்புப் புள்ளிகள் தெளித்தேன். நடுப்பகுதி சரியானது. ஓரங்களோ ஒரு கேமராவுக்குத் தெரிந்தால் மற்றதற்குத் தெரியவில்லை. கேமராக்களை நெருக்கி வைத்து, காலிபரேஷனை மீண்டும் செய்ததும் ஓரமும் பெரும்பாலும் வந்தது. ஆழத்தின் துல்லியம்தான் சற்றுக் குறைந்தது.

பழியைக் கம்ப்யூட்டர் மீது போடாதீர்கள். முதலில் படத்தைச் சோதியுங்கள், பர்ஸ் பிழைக்கும்.