டோடோ முட்டாளா?

அடியோடு ஒழிந்துபோன எதைப்பற்றியும் பேசும்போது, “டோடோவைப் போல் செத்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொல்வது வழக்கம். மந்தபுத்தியுள்ளவனுக்கும் அந்தப் பெயரையே சூட்டுவார்கள். செத்தும் ஏச்சுக்குத் தப்பாத அந்தப் பட்சியின் வழக்கை இவ்வாரம் சற்று விசாரிப்போம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்து மகா சமுத்திரத்தின் நடுவே, எரிமலை கக்கிய குழம்பினால் உண்டான தீவு மொரீஷியஸ். சுற்றிலும் கடல், ஆகையால் வௌவாலைத் தவிரப் பால்கொடுக்கும் நிலப்பிராணி எதுவும் தானாக அங்கே போய்ச் சேரவில்லை. நரியில்லை, பூனையில்லை, கீரியில்லை. ஏதோ ஒரு காலத்தில் வந்து தங்கிய புறாக் கூட்டத்தின் சந்ததிதான் டோடோ. இன்று உயிரோடிருக்கும் பட்சிகளில் அதற்கு மிக நெருங்கிய பந்து நம் நாட்டு நிக்கோபார்ப் புறாவே என்று 2002-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். துரத்துவார் இல்லாத தேசத்தில் பறந்து ஆவதென்ன? தலைமுறை தலைமுறையாக இறக்கை சிறுத்தது. உடல் 10 கிலோவுக்கு மேல் பருத்தது. தரையிலேயே முட்டையிட்டுப் பல்லாயிரம் வருஷம் சௌக்கியமாக வாழ்ந்தது.

1598-இல் டச்சுக்காரர் கப்பல்கள் வந்தன. மனிதரைக் கண்டு டோடோ ஓடவில்லை. மாலுமிகள் தடியால் அடித்தார்கள்; அடித்துவிட்டு, “எவ்வளவு அசட்டுப் பறவை!” என்று சிரித்தார்கள். தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் வழிப்போக்கனைக் கண்டு ஓடவில்லையென்றால், அவனை முட்டாள் என்போமா?

நிற்க. அந்த மாலுமிகளின் தடியும் சட்டியுமே டோடோவை ஒழித்தன என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை. அதன் மாமிசத்தை விறைப்பென்று வெறுத்து, ‘அருவருப்புப் பறவை’ என்றே அவர்கள் பெயரிட்டார்கள். 1638-இல் கருங்காலி மரத்துக்காக அங்கே குடியேறிய பிறகும், டச்சுக்காரர் காலத்தில் தீவிலிருந்த ஜனத்தொகை சில நூறு பேருக்கு மேல் போனதில்லை. இத்தனை சிறு கூட்டம் அவ்வளவு பெரிய காட்டைச் சல்லடை போட்டுத் தேடிக் கொன்றிருக்க முடியுமா?

கொன்றவர்கள் வேறு. கப்பலின் அடித்தட்டிலிருந்து எலி இறங்கியது. பன்றியையும் ஆட்டையும் மனிதனே இறக்கிவிட்டான். குரங்கும் வந்து சேர்ந்தது. வளர்ந்த டோடோவுக்கு உரமான அலகு உண்டு. ஒருவேளை எதிர்த்து நின்றிருக்கும். தரையில் கிடக்கும் முட்டை எதிர்த்து நிற்குமா? குஞ்சு பொரிக்காத இனத்துக்கு வேட்டைக்காரன் தேவையில்லை. கிழங்கள் சாகும்வரை காத்திருந்தால் போதும். டோடோவைக் கண்ணால் கண்டதாக நம்பத்தக்க கடைசிச் செய்தி 1662-ஆம் வருஷத்தியது. முதல் கப்பல் வந்து 64 வருஷம். ஒரு மனிதனின் ஆயுள். வேடிக்கை என்னவென்றால், அதே எலிகள் டச்சுக்காரரின் பயிரையும் விட்டுவைக்கவில்லை. 1710-இல் அவர்கள் தீவையே கைவிட்டுப் போனார்கள். எலிகள் போகவில்லை.

பிறகு பிரெஞ்சுக்காரரும், 1810-இல் ஆங்கிலேயரும் வந்தார்கள். காட்டை அழித்துக் கரும்பு வைத்தார்கள். அந்தக் கரும்புக்காகத்தான் நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். பழைய காட்டில் பழுதுபடாமல் எஞ்சியிருப்பது இன்று நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. லாபம் யாருக்குப் போயிற்று என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

டோடோவின் எலும்புகளைக் கண்டெடுத்தவர் மாயெபூர் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க். (வாத்தியார்களுக்கு எந்தத் தேசத்திலும் இந்தத் தோண்டும் வியாதி உண்டு போலும்!) 1865-இல் ஒரு சதுப்பு நிலத்தில் கூலியாட்களை இறக்கி, வெறுங்காலால் சேற்றைத் துழாவச் சொன்னார். எலும்புகள் காலில் தட்டுப்பட்டன. புகழ் அவருக்கும், அவற்றை ஆராய்ந்து எழுதிய லண்டன் பண்டிதர் ரிச்சர்டு ஓவனுக்கும் போயிற்று. துழாவிய கால்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தத் தீவின் வல்லூறும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 1974-இல் காட்டில் நான்கே பட்சிகள் மிஞ்சியதாகத் தெரிந்தது. 1979-இல் அங்கே போன வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ல் ஜோன்ஸ், கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துப் பத்திரமாய்ப் பொரிக்கச் செய்தார்; முட்டை போன தாய் மறுபடியும் இட்டது. இப்படியே நான்கு நூற்றுக்கணக்காகப் பெருகிற்று.

மொரீஷியஸில் ராட்சத ஆமைகளும் இருந்தன. அவற்றையும் தின்று தீர்த்தாயிற்று. அவை பழத்தைத் தின்று விதையைப் பரப்பிய கருங்காலி மரம் மட்டும் தனியே நின்றது. மாயெபூருக்கு எதிரே கடலில் ஒரு குட்டித் தீவு உண்டு. 2000-ஆம் வருஷத்தில், அல்டாப்ரா தீவின் இனத்து ஆமைகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். வந்தவை உள்ளூர் இனமல்ல. ஆனாலும் கருங்காலிப் பழத்தை ஆவலாய்த் தின்றன. அவற்றின் வயிற்றைக் கடந்து வந்த விதைகள், வெட்டுண்ட பழைய மரங்களின் இடத்திலே இப்போது முளைத்துக்கொண்டிருக்கின்றன.