விற்பது கிலோவாட், வேண்டியது யூனிட்

டெல்லியில் மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ மொட்டைமாடி வைத்திருப்பவரிடம் சோலார் விற்க வருபவர் எடுத்த எடுப்பில் சொல்வது கிலோவாட், அடுத்து மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால், பில் ஏறுவதும் இறங்குவதும் யூனிட்டில். ஒரு கிலோவாட் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். முழுத் திறன் எப்போது கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதிலுள்ள வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக் கூடத்தில் அளந்தது. டெல்லியின் மே மாத வெயிலில் பேனல் 60 டிகிரியை எட்டும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.35 சதவீதம் குறையும். அதாவது, கொளுத்தும் வெயிலிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. புழுதியும் ஜனவரிப் பனிமூட்டமும் தனி. எல்லாம் போக, ஆண்டுச் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் வந்தால் நல்லது.

பொது மின் இணைப்போடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியவர் மீது மின்சாரம் பாயாதிருக்க இந்த ஏற்பாடு. மின்வெட்டுக்குப் பயந்து சோலார் போடுபவர் பேட்டரிக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்க வேண்டும்.

நெட் மீட்டர், பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டை இரவில் வாங்கியதில் கழித்துக்கொள்கிறது. 200 யூனிட் வரை இலவசம் என்ற டெல்லியில், ஏற்கெனவே பூஜ்ய பில் வாங்கும் வீட்டுக்குக் கழிக்க என்ன இருக்கிறது? இங்கேதான் 2024 மார்ச்சில் அறிவிக்கையான டெல்லி அரசின் சோலார் கொள்கை கெட்டிக்காரத்தனம் காட்டியது. 3 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்கு, மிச்சத்துக்கு அல்ல, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 3 ரூபாய், ஐந்தாண்டுகளுக்கு என்றது. மாதம் 360 யூனிட் என்றால் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். மானியத் தொகையைவிட இந்தக் கணக்கையே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

இதெல்லாம் மாடி இருப்பவர்களுக்கு. தளம் தளமாக விற்கப்படும் ‘பில்டர் ஃப்ளோர்’ வீடுகளில் இரண்டாம் தளத்துக்காரருக்குப் பெரும்பாலும் மாடியில் உரிமை கிடையாது. வேறிடத்துப் பேனலில் பங்கு வாங்கி, அந்த யூனிட்டைத் தன் பில்லில் கழித்துக்கொள்ளும் விர்ச்சுவல் நெட் மீட்டரிங் வழியை டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே திறந்துவிட்டது. வீடு தேடி வருபவர் அதைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம்.